"என் தங்கச்சி அனுப்பிட்டா": மெமோவுக்கு விளக்கம் எழுதும் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு டீச்சர் போன் செய்தார். வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர், மெமோ என்ற ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வாங்கியிருக்கிறார். பள்ளியின் தண்ணீர்த் தொட்டி நான்கு மாதமாக உடைந்து கிடப்பதைப் பற்றி வட்டார வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாராம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கான 17ஏ-வின் கீழ் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "பதில் எழுதிட்டேன் சார், நாளைக்குக் கொடுக்கணும், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று தாளைப் படமெடுத்து அனுப்பினார்.

முதல் வரியிலேயே எனக்கு வயிறு எரிந்தது. "மேற்படி பதிவை நான் இடவில்லை. எனது கைப்பேசி எனது தங்கையிடம் இருந்த சமயம்..."

இதே வரியை, தங்கைக்குப் பதில் மகன் என்று போட்டு, 2016-ல் நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர், சங்கத்தில் வட்டாரப் பொறுப்பில் இருப்பவன். மெமோ வந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குத் தேடிவரும் வீடு எங்கள் வீடு. அப்படி வந்த தாள்களைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அதிகாரியை ஒருமையில் திட்டுவது, சாதியை இழுப்பது, நடுராத்திரியில் கோபத்தோடு தட்டச்சு செய்வது, இதெல்லாம் தவறு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

"எல்லா உரிமையும் உண்டு", "ஒரு உரிமையும் கிடையாது"

ஆசிரியர் அறையில் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைப் பிரிவைக் காட்டி, "பத்தொன்பது ஒன்று ஏ இருக்கு சார், ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்னும். இன்னொன்று, "கவர்மென்ட் சம்பளம் வாங்கினா வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கணும்" என்னும். இரண்டையும் நம்பியவர்கள் மெமோவோடு வந்திருக்கிறார்கள்.

பீகார் அரசு தன் ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதி போட்டது. பணி நிபந்தனைகள் தொடர்பாக எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது, வேலைநிறுத்தமும் கூடாது. காமேஸ்வர் பிரசாத் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதைப் பிரித்துப் பார்த்தது. அரசு வேலையில் சேர்ந்தவருக்கும் அடிப்படை உரிமை உண்டு, ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் பகுதி செல்லாது என்றது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது, அந்தத் தடை செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதில் எனக்குப் பிடித்த இடம் 33-ஆம் பிரிவு பற்றிய வாதம். ராணுவம், காவல் துறை போன்றவற்றில் இருப்பவர்களின் உரிமைகளைக் குறைக்க அரசியல் சாசனமே தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அப்படியென்றால் மற்ற ஊழியர்களுக்கு அந்த உரிமைகள் இருப்பதாகத்தானே பொருள்? அதே ஆண்டில் ஓ.கே. கோஷ் வழக்கில், அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதியும் இதே வழியில் அடிபட்டது.

சரி, உரிமை உண்டு. ஆனால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று நம் தலைக்கு மேல் இருக்கிறது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் தாக்கிப் பேசுவது, அலுவலகத் தகவலை வெளியே கொடுப்பது, அரசியலில் இறங்குவது எல்லாவற்றுக்கும் அதில் தடை உண்டு. நம் சண்டை எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வரப்பின் மேல்தான் நடக்கிறது. உடைந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதுவது அரசுக் கொள்கை மீதான விமர்சனமா, பள்ளி நலனுக்கான முறையீடா? எப்படி வாதிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வாதம் தொடங்குவது உங்கள் முதல் விளக்கத்தில்.

"நான் எழுதவே இல்லை"

இதைப் பற்றித்தான் நீளமாகப் பேசப் போகிறேன்.

2016. ஈராசிரியர் பள்ளி, நாற்பத்து மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியரைக் கணினிப் பதிவு வேலைக்கென்று அலுவலகத்துக்கு மாற்றுப்பணியில் அழைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. ஒன்று முதல் ஐந்து வரை நான் ஒருவன். சத்துணவு நேரத்தில் ஒரு பையன் விழுந்து மண்டையில் அடிபட, அவனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். மற்ற நாற்பத்து இரண்டு பேரையும் சத்துணவு அமைப்பாளர் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அன்று மாலை குரூப்பில் எழுதினேன்: "பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் இல்லை, அலுவலகத்தில் ஃபைல் தைக்க ஆள் இருக்கிறது."

மூன்றாம் நாள் மெமோ. அதிகாரிகளை இழிவுபடுத்தியது, நடத்தை விதி மீறல், பதினைந்து நாளில் விளக்கம்.

ஆசிரியர் அறை என்றால் ஆலோசனைக்குப் பஞ்சமா? பக்கத்துப் பள்ளியிலிருந்தெல்லாம் வந்தார்கள். "ஒத்துக்காதீங்க சார். ஒத்துக்கிட்டா மாட்டிக்குவீங்க. பையன் விளையாடிட்டான்னு எழுதிடுங்க, ஃபைலை மூடிடுவாங்க." சொன்னவர் இருபத்தைந்து வருட சர்வீஸ். நம்பினேன். என் மகன் கைப்பேசியில் விளையாடும்போது தவறுதலாகச் சென்றுவிட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அப்போது ஏ.இ.இ.ஓ. என்று பெயர், இப்போதைய பி.இ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அலுவலர். அவர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பையன் என்ன படிக்கிறான்?"

"நாலாவது சார்."

"நாலாவது படிக்கிற பையனுக்கு ஃபைல் தைக்கிறது தெரியுமா?"

அறையில் இருந்த கிளார்க் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை எரிச்சல்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்தப் பதிவுக்கு நான் அஞ்சவே தேவையில்லை. அதில் பொய் இல்லை, வசவு இல்லை, யார் பெயரும் இல்லை. ஏழு வாரம் ஒற்றை ஆளாக இருந்ததற்கு வருகைப் பதிவேடு சாட்சி. மாற்று ஆசிரியர் கேட்டு ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருந்தேன், தபால் பதிவு எண் இருந்தது. சுகாதார நிலையத்தின் சீட்டு இருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு "பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கேட்டேன், கேட்க எனக்கு உரிமை உண்டு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதியதே நானில்லை என்றவன் எழுத எனக்கு உரிமை உண்டு என்று எப்படி வாதிடுவான்? "மகன் அனுப்பினான், ஆனாலும் அது உண்மை, ஆனாலும் அது என் பேச்சுரிமை" என்று மேல்முறையீட்டில் ஒருவர் எழுதியதைப் பிற்காலத்தில் பார்த்தேன். படிக்கவே பாவமாக இருந்தது.

எனக்கு வந்த தண்டனை உத்தரவில் பதிவின் உள்ளடக்கம் பற்றி ஒன்றரை வரி. மீதி முக்கால் பக்கம், உயர் அலுவலரிடம் பொய் விளக்கம் அளித்தது, நேர்மையின்மை. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், பின்னால் வரும் உயர்வுகளைப் பாதிக்காமல். ஓராண்டுதானே என்று தோன்றும். அந்தத் தண்டனை நடப்பில் இருந்த காலத்தில் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயரைத் தாண்டிப் போனார்கள். எனக்குப் பின்னால் இருந்த தம்பி ஒருவர் எனக்கே தலைமையாசிரியராக வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், இன்றும் வணக்கம் சார் என்று எழுந்து நிற்பார். அது இன்னும் சங்கடம்.

இப்போது "ஹேக் ஆகிவிட்டது" என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, சமாச்சாரம் அதேதான். இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை, "அவங்க நிரூபிக்கட்டும்" என்பது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு மின்னணுச் சான்றிதழ் வேண்டும், சாட்சியச் சட்டப்படி நிற்காது என்று யூடியூபில் யாரோ சொல்லியிருப்பார். குற்ற வழக்கில் சரி. துறை விசாரணை குற்ற வழக்கு இல்லை. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அலுவலருக்குப் பட்டால் போதும். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளும் பொருந்தா. 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரத்தன் சிங் வழக்கு இதற்கு உதாரணம். ஹரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர், சோதனைக் குழு ஏறியபோது வண்டியில் டிக்கெட் இல்லாத பயணிகள் இருந்தார்கள். அந்தப் பயணிகளில் ஒருவரைக்கூடச் சாட்சியாக விசாரிக்கவில்லையே என்றார் கண்டக்டர். அது அவசியமில்லை, ஏதாவது ஏற்கத்தக்க சான்று இருந்தால் போதும் என்று பணிநீக்கம் உறுதியானது. டிக்கெட் இல்லாத பயணியே வராமல் அந்த வழக்கு முடிந்தது. உங்கள் எண்ணிலிருந்து, உங்கள் பள்ளித் தொட்டியைப் பற்றி, நீங்கள் எப்போதும் எழுதும் நடையில் வந்த பதிவை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று முடிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படியானால் என்ன எழுதுவது? எழுதியதை ஒப்புக்கொள்வதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் வேறு வேறு. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. "பதிவு என்னுடையதே. ஆனால் அது நடத்தை விதிகளை மீறியது என்ற குற்றச்சாட்டை மறுக்கிறேன்." முதல் பத்தி இவ்வளவுதான். இரண்டாவது பத்தியில் பதிவில் சொன்னது ஏன் உண்மை, எந்தத் தேதியில் யாருக்கு மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. மூன்றாவதில், அந்த குரூப்பில் இருப்பவர்கள் துறையைச் சேர்ந்தவர்கள்தான், பத்திரிகைக்கோ வெளியாருக்கோ கொடுக்கவில்லை என்ற விவரம். அப்படிக் கொடுத்திருந்தால் இந்தப் பத்தியை எழுதாதீர்கள், மறுபடி பொய்யில் மாட்டுவீர்கள். ஒரு சொல் காரமாக விழுந்திருந்தால், அந்தச் சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள்.

ஒட்டுமொத்த மன்னிப்பு எழுதுவதும் பொய்யின் தம்பிதான். "தெரியாமல் செய்துவிட்டேன், இனி நடக்காது, மன்னிக்கவும்" என்று கொடுத்தால் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நேரே தண்டனைக்குப் போய்விடுவார்கள். மேல்முறையீட்டிலும் அந்தத் தாள்தான் முன்னால் நிற்கும்.

இன்னொன்று, மெமோ வந்ததும் பதிவை அழித்துவிட்டு ஓடி வருகிறார்கள். அழித்தால் உங்களிடம்தான் இல்லாமல் போகும், அவர்களிடம் இருக்கும். அதுவும் உங்கள் ஒரு வரி மட்டும் வெட்டி எடுத்ததாக இருக்கும். அதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்தே "குறைகள் இருந்தால் குரூப்பில் தெரிவிக்கவும்" என்று கேட்டிருப்பார்கள், அதை நீங்கள் காட்ட முடியாது. அந்த நாளின் மொத்த உரையாடலையும் மேலிருந்து கீழ்வரை முதலில் சேமித்து வையுங்கள்.

கூரை ஒழுகுவதையும் தலைமையாசிரியர் மீதான கோபத்தையும் ஒரே தாளில் எழுதுவது

மனுவின் முதல் பத்தியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. இரண்டாவதில் எனக்குத் தற்செயல் விடுப்பு தரவில்லை. மூன்றாவதில் தலைமையாசிரியர் வேண்டியவர்களுக்கு ஒரு மாதிரி, வேண்டாதவர்களுக்கு ஒரு மாதிரி. இந்த மனுவைப் படிப்பவருக்கு மூன்றாவது பத்தி மட்டும்தான் மனதில் நிற்கும். "இவருக்கு அவர்மேல் காழ்ப்பு, அதற்காகக் கழிப்பறையைப் பிடித்துக்கொண்டார்" என்று எழுதிவிடுவார்கள்.

கர்நாடகத்தில் ஓர் அரசு நிறுவனத்தின் அதிகாரி, ஊழியர் சங்கத் தலைவராகவும் இருந்தவர், நிறுவனத்தின் நிர்வாகம் பற்றி ஆளுநருக்கே கடிதம் எழுதினார், பத்திரிகை அறிக்கையும் விட்டார். வேலை போனது. பேச்சுரிமை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். தேவேந்திரப்பா வழக்கு, 1998. நிறுவனத்தின் ஒழுங்கைக் குலைக்கும் பேச்சைக் கட்டுப்படுத்தும் விதி நியாயமானதே என்று பணிநீக்கத்தை நீதிமன்றம் உறுதி செய்தது. சங்கப் பதவி கவசம் என்று நினைப்பவர்கள், நான் உட்பட, இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுப் பிரச்சினைக்கு ஒரு மனு, சொந்தக் குறைக்கு வேறொரு நாளில் வேறொரு மனு. இரண்டும் தலைமையாசிரியர் வழியாக. அவர் அனுப்ப மாட்டார் என்று தெரிந்தால், அவரிடம் கொடுத்த நாளே மேலே ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்கிறேன் என்று மனுவின் அடியிலேயே குறிப்பிடுங்கள்.

குரூப்பை வீட்டுத் திண்ணை என்று நினைப்பது

தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதற்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. வீட்டில் நண்பர்கள் கூடிப் பேசுவதை நிர்வாகம் கட்டுப்படுத்த முடியாது, அதே பேச்சு வெளியார் நுழைய முடியாத குரூப்பில் நடந்தால் மட்டும் என்ன என்று கேட்டார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். ஊழியருக்கு மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்க்கும் உரிமை உண்டு என்றும் சொன்னார். அந்தச் செய்தி வந்த வாரம் நம் ஆட்கள் சிலர் ரொம்பவே கொட்டித் தீர்த்தார்கள்.

அந்தத் தீர்ப்பு தனிப்பட்ட வட்டத்துக்குள் நடக்கும் பேச்சைப் பற்றியது. நூற்றைம்பது பேர் இருக்கிற, அலுவலகமே நடத்துகிற, சுற்றறிக்கைகள் வருகிற குரூப்புக்கு அதை அப்படியே பொருத்த முடியும் என்று நம்பிப் பரிசோதனை செய்யாதீர்கள். தீர்ப்பு வாங்கியவருக்கும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தச் செலவும் அலைச்சலும் யார் கணக்கு?

எழுதிக் கொடுங்க சார், முடிச்சிடறேன்

விசாரணைக்கு வந்தவர் டீ வாங்கிக் கொடுத்து, நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், கேட்டதையும் எழுத்தில் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். எழுதினால் நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். பெரிய தண்டனைக்கான 17பி என்றால் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கம். பின்னால் விசாரணை அறிக்கையின் நகலையும் தர வேண்டும், 1993-லிருந்து கருணாகர் வழக்குத் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது.

வேலைநிறுத்தத்தையும் பேச்சுரிமையில் சேர்ப்பது

2003 ஜூலையில் வேலைநிறுத்தத்துக்காக ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலை இழந்த மாநிலம் இது. அது தொடர்பான ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோர் திரும்ப வந்தது நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடத்தை விதி 22-ஐ மதிப்போம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகு. அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் போராட்டத்துக்குப் போனவர் விளக்கத்தில் 19(1)(ஏ) என்று எழுதினால் அது உதவாது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர் 311-ஐ நம்புவது

விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 311-ஆம் பிரிவு அரசுப் பதவியில் இருப்பவருக்கு. சம்பளம் கருவூலத்திலிருந்து வந்தாலும் உங்களுக்கு அது கிடையாது. தனியார் பள்ளிகளுக்கான சட்டத்தைப் பாருங்கள்.

எம்.எல்.ஏ. சிபாரிசு

வேண்டாம். அதுவே தனிக் குற்றச்சாட்டு.

பிள்ளைகள் முகம் தெரிகிற வீடியோ

போடாதீர்கள்.

டீச்சரின் விளக்கத்தை அன்றிரவே மாற்றி எழுதினோம். தங்கையை வெளியே அனுப்பினோம். "பதிவு என்னுடையதே" என்று எழுத அவருக்குக் கை வரவில்லை, மூன்று தடவை போன் செய்தார். தொட்டியின் படம், ஊராட்சிக்குக் கொடுத்த மனுவின் நகல், தலைமையாசிரியர் மேலொப்பமிட்டு அனுப்பிய கடிதம் எல்லாம் இணைப்பில் போனது. தொட்டிக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். மெமோவுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை.

நேற்று மறுபடி அழைத்தார். "குரூப்ல இருந்து வெளியே வந்துடட்டுமா சார்? இப்பல்லாம் யாருக்கும் தெரியாதாம், அட்மினுக்கு மட்டும்தான் காட்டுமாம்."

"அட்மின் யாரு டீச்சர்?"

"பி.இ.ஓ. ஆபீஸ் சார்தான்."